எண்ணெய் போட்ட மெசினும் திறந்து கிடந்த மைக்கும்

மைதான ஒலிப்பலகையில் புதிதாகக் கைவைக்கப் போகிற உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கார்த்திக் கேட்டார். என்னிடம் நாலு நல்ல வார்த்தை இருந்திருந்தால் நான் ஏன் பன்னிரண்டு கோடைகாலம் மைதான ஓரத்தில் நின்று கறுத்துப் போகிறேன்? இருந்தாலும் கேட்டுவிட்டார். ஓய்வு பெற்றவனிடம் யாராவது எதையாவது கேட்பதே பெரிய விஷயம். எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் ஒலித்துறையைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். நான் படித்த இடம் கல்யாண மண்டபம். கிழமை நாட்களில் மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் விமான உதிரிப்பாகங்களுக்குத் துளை போடுவேன். சனி ஞாயிறு என்றால் கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டுவேன். மாப்பிள்ளையின் சித்தப்பா மைக்கை விடாமல் வாழ்த்திக்கொண்டே இருக்கும்போது, அவருக்கே தெரியாமல் அவருடைய சத்தத்தைக் குறைக்கும் கலையை அங்கேதான் கற்றேன். அந்த ஒரே தகுதியோடுதான் இந்த ட்ரம் கோருக்குள் நுழைந்தேன்.

ட்ரம் கோர் என்றால் என்ன என்று உங்கள் வீட்டிலும் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள். மைதானத்தில் அணிவகுத்து நடந்துகொண்டே பித்தளை ஊதுகருவிகளையும் முரசுகளையும் வாசிக்கும் இளைஞர் கூட்டம். இருபத்தொரு வயதோடு ஒருவருடைய காலம் முடிந்துவிடும், அதற்குமேல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வெளியேதான். எண்பது பேர் சேர்ந்து ஊதி அடித்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்டில் கார் அலாரம் அடிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் மைக்குக்கு என்ன வேலை என்று நானும் முதல்நாள் கேட்டேன். வேலை இருக்கிறது. இந்த எண்பது பேருக்கு நடுவில், யாருக்கும் கேட்காத ஒரு பொருளைத் தேடிப் பிடித்து, அதை ஒருவர் தனியாக வாசிக்க, அதற்கு மைக் வைத்து, கடைசி வரிசை வரைக்கும் கேட்கச் செய்ய வேண்டும். நடுவர்கள் இதற்குப் புள்ளி போடுகிறார்கள். புதுமை என்று பெயர்.

எங்கள் இயக்குநருக்குப் புதுமை என்றால் உயிர். ஒரு வருடம் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குவளைகள். விரலால் தடவினால் பாடும். அன்று மழை வந்து குவளைகளை நிரப்பியதில் சுருதி ஒவ்வொரு நிமிடமும் இறங்கிக்கொண்டே போனது. இன்னொரு வருடம் கம்பி கட்டிய ஹொக்கி மட்டை. அதற்கடுத்த வருடம் பனி அள்ளும் சவளைத் தார்த்தரையில் இழுத்து ஒரு தனி வாசிப்பு, அதுவும் ஜூலை மாதத்தில். குளிர்காலம் முழுக்க விடிய எழும்பி அந்தச் சத்தத்தோடு வாழ்ந்த சனங்கள் வெயில் காய வந்து உட்கார்ந்தால், நான் அதையே எட்டு ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

பிறகு வந்தது தையல் மெசின்.

எங்கள் கொடிகளையும் உடைகளையும் தைத்துக் கொடுத்தவர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்மணி. தன் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவரை மெசின் அக்கா என்போம். என்னைவிட ஏழு வயது இளையவர், ஆனாலும் அக்காதான். இந்த ஊருக்கு வந்து இருபது வருடம் உடுப்புத் தொழிற்சாலைகளில் தைத்தவர். அந்தத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு ஒரு பழைய இரும்பு மிதிமெசினை வாங்கி வீட்டில் வைத்துத் தைத்தார். எங்கள் வேலை வந்தபோது அதைப் பயிற்சிக் கொட்டகைக்கே கொண்டுவந்து ஒரு மூலையில் போட்டுக்கொண்டார். அவருடைய மகள் ஆரபி எங்கள் அணியில் ஸ்நேர் முரசு வாசிப்பவள். அந்த வருடம் அவளுக்கு இருபத்தொரு வயது. கடைசி வருடம்.

ஒருநாள் இரண்டு பயிற்சிகளுக்கு இடையில் கொட்டகை அமைதியாக இருந்தபோது அக்கா மெசினை மிதித்தார். மிதிக்கட்டை ஒவ்வொரு முறையும் கீச்சிட, மேலே ஊசி தடதடவென்று ஓட, இயக்குநர் கையை உயர்த்திக்கொண்டு அப்படியே நின்றார். அந்தக் கை உயர்ந்தால் எனக்கு ஒரு புதிய மைக் வேலை வருகிறது என்று அர்த்தம். "அதுதான்!" என்றார் பிரெஞ்சில். "இந்த நகரத்தைத் தைத்த சத்தம்!"

அக்காவுக்கு வயது கூடிவிட்டது, அவர் மைதானத்தில் இறங்க முடியாது. எனவே மகள் மிதிக்க வேண்டும். ஆரபி ஐந்து வருடமாகக் காத்திருந்தது முரசு வரிசையின் நடு இடத்துக்காக. அந்த வருடம் அது அவளுக்குக் கிடைத்திருந்தது. இயக்குநர் அவளிடம் தனி வாசிப்பைக் காட்டி ஆசை மூட்டினார். அவள் முரசை விட்டுக் கொடுத்தாள். மறுநாளே அந்த இடத்தில் வேறொருத்தியைப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் இயக்குநர் இன்னொன்றையும் சொன்னார்: மொன்றியல் காட்சியில் மெசின் எடுபடாவிட்டால் அதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வேறு ஏதாவது போடுவாராம். புதுமைக்காரர்கள் இதையெல்லாம் கடைசியில்தான் சொல்வார்கள்.

"அங்கிள், எனக்கு இப்ப ஸ்நேரும் இல்லை," என்றாள் ஆரபி என்னிடம். "இது சரிவராட்டி இந்த சம்மர் முழுக்க நான் சாமான் வண்டில் தள்ளுறதுதான். நீங்கள்தான் பாத்துக்கொள்ளோணும்."

"நான் பாக்கிறன் பிள்ளை, நீ மிதி," என்றேன். பெரிய மனிதன் போலத்தான் சொன்னேன்.

காட்சி நாள் வந்தது. நல்ல வெயில். பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் முறை. வாகனத் தரிப்பிடத்தில் லொறியின் பின்கதவைத் திறந்து வைத்து நானும் கார்த்திக்கும் சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். இன்று உங்கள் தலைவராக இருக்கும் கார்த்திக் அப்போது சென்னையிலிருந்து வந்து ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தபடி வார இறுதியில் எனக்கு இரண்டாம் ஆளாக நின்றவர். கையில் எப்போதும் ஒரு டேப்லட். அதில் பச்சை விளக்கு எரிந்தால் உலகம் நலம்.

அந்தக் கிழமை முழுவதும் இயக்குநர் என் காதுக்குள் "ப்ளு ஃபோர், ப்ளு ஃபோர்" என்று பிரெஞ்சில், அதாவது இன்னும் பலமாக, இன்னும் பலமாக என்று உயிரை எடுத்திருந்தார். எனக்குள் எரிச்சல் நிரம்பிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கொண்டுவந்து நீட்டினார். நன்றி சொல்ல வேண்டிய இடம். என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"அக்கா, இருவது வருசம் ஃபக்டரியில தைச்சனீங்கள் எண்டுறியள். இந்த மெசினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் காட்டினதில்லையோ? கீச்சு கீச்செண்டு ஊருக்கே கேக்குது."

கார்த்திக் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. மெசினைப் பார்த்தார். எங்கள் தனி வாசிப்பே அந்தக் கீச்சுத்தான் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும், அதனால் அது பகிடி என்பதும் எல்லோருக்கும் தெரியும் என்று நான் நினைத்தேன். பிறகு கோப்பி வாங்கப் போய்விட்டேன். கார்த்திக்கும் கூடவே வந்தார்.

மைதானத்துக்குள் போனபின் சத்தம் சரிபார்க்க நேரம் தரமாட்டார்கள். சாமான்களைத் தள்ளிக்கொண்டு போய் வைப்பதும் ஆரம்பிப்பதும் ஒன்றுதான். மெசின் முன்கோட்டருகே போய் நின்றது. அதன் வயிற்றுக்குள் நான் ஒட்டிய சிறிய மைக். ஆரபி ஸ்டூலில் உட்கார்ந்தாள். தள்ளிக் கொண்டுபோய் விட்ட தொண்டர்கள் திரும்பி வந்து வேலியோரம் நின்றார்கள். அக்கா என் ஒலிப்பலகைக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"மெசின் மைக் பச்சை, சார். சூப்பரா இருக்கு," என்றார் கார்த்திக்.

இதை உங்கள் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பச்சை விளக்கு மைக் உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். மைக்குக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அன்று எனக்கும் தெரியவில்லை.

நாலாவது நிமிடம். எண்பது பேரும் ஒரே அடியில் முழங்காலிட்டு அடங்கினார்கள். ஐயாயிரம் பேர் இருந்த அரங்கில் ஒரு சத்தமில்லை. ஆரபி மிதிக்கத் தொடங்கினாள். கால் போகிறது, சக்கரம் சுற்றுகிறது, ஊசி ஏறி இறங்குகிறது, அவள் கைக்குக் கீழே நீலத் துணி அழகாக நகர்ந்து போகிறது. சத்தம் மட்டும் இல்லை.

"சார், சிக்னல் வரல," என்றார் கார்த்திக். "பச்சைதான் காட்டுது. ஆனா வரல."

காதில் மாட்டிய கருவிக்குள் இயக்குநர் "ப்ளு ஃபோர்! ப்ளு ஃபோர்!" என்று கத்தினார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நான் ஏற்றினேன். ஒன்றுமில்லை. இன்னும் ஏற்றினேன். ஸ்பீக்கரில் காற்று இரைந்தது. அதற்குமேல் கொஞ்சம் தள்ளினால் மைக் ஊளையிடும். இத்தனை வருட அனுபவசாலி நான் என்ன செய்தேன்? கொஞ்சம் தள்ளினேன். சத்தம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். நான் கேட்காமல், கல்யாண வீட்டுச் சித்தப்பாவைப் போலக் கூட்டிக்கொண்டே போனேன்.

ஆரபி முகத்தைத் திருப்பவில்லை. அப்படித்தான் பழக்குகிறோம். உடை கிழிந்தாலும் குச்சி உடைந்தாலும் முகம் முன்னால், செய்வதை நிறுத்தாதே. கேட்காத மெசினை அவள் அந்த ஒழுங்கோடு மிதித்துக்கொண்டே இருந்தாள். ஆனால் கண் என்னைத் தேடியது. அந்தக் கண்ணை நான் பார்க்காமல் பலகையைப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

பக்கத்தில் அக்கா மெதுவாகச் சொன்னார்: "அண்ணை, நான் எண்ணெய் விட்டனான்."

"என்ன?"

"மிதிக்கு, சக்கரத்துக்கு, எல்லாத்துக்கும். லூசா இருந்த ஆணியும் இறுக்கினனான். மெசின்ர காலுக்குக் கீழை கம்பளித் துண்டும் வைச்சனான். அதுதான் சத்தமில்லை." ஒரு மூச்சு விட்டார். "துணியை எடுத்துப்போட்டுப் பாதத்தை இறக்கச் சொல்லுங்கோ. சத்தம் வரும்."

தைக்கத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊசிக்குக் கீழே துணியைத் தள்ளிக் கொடுக்க இரும்புப் பல் இருக்கிறது. மேலே துணியை அமுக்கிப் பிடிக்க ஓர் இரும்புப் பாதம். நடுவில் துணியில்லாமல் மெசினை ஓட்டினால் இரும்போடு இரும்பு அராவும். பல் தேய்ந்துவிடும். தையல்காரர்கள் யாரும் செய்யாத காரியம். அதுவும் தன் சொந்த மெசினில்.

"சொல்லேலாது அக்கா," என்றேன். "வெளியில இருந்து பிள்ளையளுக்குச் சொன்னால் புள்ளி வெட்டுவாங்கள்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் அரை அடி குள்ளமானேன். வேலியைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தார்.

"துணியை எடு பிள்ளை! பாதத்தை இறக்கு!"

ஃபேடர் எங்கே இருந்தது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உச்சியில். மெசினின் வயிற்றில் இருந்த மைக் அந்தக் குரலை அப்படியே வாங்கி எட்டு ஸ்பீக்கரிலும் போட்டது. ஐயாயிரம் பேருக்கும் கேட்டது. கார்த்திக்கின் விரல் மைக்கை அணைக்கப் போனது. அதுதான் ஒழுங்கு, அதுதான் பாடம், நானும் அவருக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். நான் அவருடைய கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"சார், எல்லாருக்கும் கேக்குது சார்!"

"கேக்கட்டும். விடுங்கோ."

அந்தப் பொழுதில் நான் பெரிதாக எதையும் யோசிக்கவில்லை. அணைத்தால் அடுத்து வரப்போகும் சத்தம் போய்விடும், அவ்வளவுதான் தெரிந்தது. ஒரு கையால் கார்த்திக்கைப் பிடித்தபடி மறு கையால் ஃபேடரைச் சட்டென்று பாதிக்கு இறக்கினேன். ஆரபி துணியை ஒரே இழுப்பில் உருவி எறிந்தாள். நீலத் துணி காற்றில் போனது. பாதத்தை இறக்கி மிதித்தாள்.

ஐயோ, அந்தச் சத்தம். பல் நெரிவது போல ஆரம்பித்தது. ஐந்து வருடம் முரசு அடித்தவளின் கால் அல்லவா, நாலு மிதியில் அதைத் தாளத்துக்குள் கொண்டுவந்துவிட்டாள். வேகம் கூடியது. முரசு வரிசை அவளுக்குப் பதில் கொடுக்க ஆரம்பித்தது. அவள் நிறுத்தினால் அவர்கள், அவர்கள் நிறுத்தினால் அவள். முடிந்தபோது அரங்கம் எழுந்து நின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெயில் என்று கார்த்திக்கிடம் சொன்னேன். பக்கத்தில் அக்கா கைதட்டவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் பல்வலிக்காரர் போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

இனி வருவதுதான் எழுதக் கஷ்டமான பகுதி.

லொறியடிக்கு வந்ததும் இயக்குநர் குதித்தார். கைதட்டல் எல்லாம் அவர் காதில் ஏறவில்லை. தன் திட்டத்தில் இல்லாத மௌனமும் தன் திட்டத்தில் இல்லாத ஒரு பெண்ணின் கூச்சலும்தான் ஏறியிருந்தன. "மெசினைத் தொட்டது யார்? என் சத்தத்தைக் கெடுத்தது யார்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ஆரபி தாயைப் பார்த்தாள். அக்கா கையை உயர்த்தி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "நான், முசியே," என்றார். மனிதர் பொரிந்து தள்ளினார். பொறுப்பில்லாதவர் என்றார். இனி லொறிப் பக்கம் வரக்கூடாது என்றார்.

எல்லாவற்றுக்கும் ஒரு பகிடி வைத்திருக்கும் என் வாய் அப்போது எங்கே போனது என்று நீங்கள் கேட்கலாம். என் பல்லுக்குள்தான் இருந்தது. நான் சொல்லித்தான் எண்ணெய் விட்டார் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மிக நேர்த்தியாகச் சுருட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் நடுவர்கள் பேசிப் பதிந்த கருத்துகள் இயக்குநரின் கைபேசிக்கு வந்தன. ஒருவர் அந்த நீண்ட மௌனத்தில் மூச்சே விடவில்லையாம். இன்னொருவருக்கு, புரியாத மொழியில் திடீரென ஒலித்த அந்தத் தாயின் குரலில் உடம்பு சிலிர்த்ததாம். மூன்றாமவர், மைக்கைத் திறந்தே வைத்த துணிச்சலைப் பாராட்டியிருந்தார். புள்ளி வெட்டவேண்டியவர்கள் அள்ளிக் கொடுத்திருந்தார்கள். இயக்குநர் அக்காவைக் கட்டிப்பிடித்து இரு கன்னத்திலும் முத்தமிட்டார். அந்த இடத்தில் ஒரு மௌனம் தேவை என்று தனக்கு மாசி மாதத்திலேயே தோன்றியது என்றார். நாங்களும் தலையாட்டினோம். குற்றவாளி யார் என்ற கேள்வியே காணாமல் போனது. எனக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று.

அதோடு விட்டாரா? இனி எல்லாக் காட்சியிலும் இதே மௌனம், இதே கூச்சல், இதே இரும்புச் சத்தம் என்றார். அக்காவின் குரலைக் கொட்டகையில் வைத்துப் பதிவுசெய்தோம். மைக்கைக் கண்டதும் வெட்கப்பட்டு, பஸ்ஸில் அடுத்த தரிப்பிடத்தை அறிவிப்பவர் போல "துணியை எடு பிள்ளை" என்றார். அதையே கார்த்திக் கோடை முழுவதும் பொத்தானை அழுத்தி ஒலிக்கவிட்டார். ஆரபி எல்லா ஊரிலும் மிதித்தாள், எல்லா ஊரிலும் எழுந்து நின்றார்கள். அவள் வண்டில் தள்ளவில்லை. கடைசிக் காட்சி முடிந்து அவள் அழுதபோது அது சந்தோஷ அழுகைதான். மெசினின் பல் மட்டும் மழுங்கிப் போயிருந்தது. துணியை வைத்தால் அது நகரவில்லை.

செப்டெம்பரில் பழைய மெசின் திருத்தும் ஒருவரிடம் தேடிப் பிடித்து அதே அளவில் ஒரு பல்லும் ஒரு பாதமும் எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். பாதி வழியில் திரும்பிவிடலாமா என்றும் நினைத்தேன். அக்கா தேத்தண்ணீர் தந்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு நான் எண்ணெய் எண்டு சொன்னது பகிடிக்கு."

"பகிடி எண்டு எனக்குத் தெரியும்தானே அண்ணை," என்றார் அக்கா.

நான் நிமிர்ந்து பார்த்தேன். "பேந்து ஏன் விட்டனீங்கள்?"

"சத்தம் போட்டது உண்மைதானே. அவ்வளவு சனத்துக்கு முன்னால என்ர மெசின் கீச்சிடுறதை நான் கேட்டுக்கொண்டு நிக்கிறதோ? பாக்கிற ஆக்கள் என்ன சொல்லுவினம், வைச்சுப் பாவிக்கத் தெரியாதவள் எண்டெல்லோ."

மூன்று மாதமாக என் பகிடிதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று நான் வெந்துகொண்டிருந்தேன். என் பகிடிக்கு அவ்வளவு மரியாதைகூட இருக்கவில்லை.

அக்கா பல்லை மாற்றத் தொடங்கினார். ஆணியைக் கழற்றிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "பகிடி விட்டதுக்கு எனக்குக் கோவம் இல்லை. அந்த மனுசன் பிள்ளைக்கு முன்னால வைச்சு என்னைப் பேசேக்கை, நீங்கள் வயர் சுத்திக்கொண்டு நிண்டனீங்கள். அதுதான் கோவம்."

"ஓம் அக்கா. பிழைதான்," என்றேன்.

அவர் தலையாட்டினார். புதுப் பல்லுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். மிதிக்கட்டைக்கும் விட்டார். ஒரு துண்டுத் துணியை வைத்து, பாதத்தை இறக்கி, மிதித்தார். கால் போனது, சக்கரம் சுற்றியது, துணி தானாக நகர்ந்து போனது. வாழ்க்கை முழுக்கச் சத்தத்தைத் தேடித் திரிந்த நான் காதைக் கொண்டுபோய் மெசினுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கேக்குதோ அண்ணை?"

"இல்லை அக்கா."

"அப்பிடித்தான் இருக்கோணும்," என்று சொல்லிவிட்டு அவர் தைக்கத் தொடங்கினார்.